விட்டுப்போன ஒரு வரி

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

பழைய சட்டப் புத்தகங்களைக் கணினியில் ஏற்றும் வேலை நன்றாகப் போகிறது. பல ஊர் நூலகங்கள் சேர்ந்து செய்கின்றன. வேறோர் ஊரிலிருந்து ஓர் அக்கா, தட்டச்சு செய்ததை ஹெட்போனில் வாசிப்பார். நான் மூலப் புத்தகத்தில் விரல் வைத்துச் சரிபார்ப்பேன். நேற்று அடுத்தடுத்த இரண்டு வரிகள் “கைம்பெண்” என்றே தொடங்கியதால், தட்டச்சில் ஒன்று விட்டுப்போயிருந்தது.

“நிறுத்துங்கக்கா! ஒரு வரி போச்சு!” என்று கத்திவிட்டேன். அறையே திரும்பிப் பார்த்தது.

“அடியே, உனக்கு இவ்வளவு தொண்டையா? இத்தனை நாளா ‘ம்’ மட்டும்தானே கொட்டுன!” என்று அக்கா சிரித்தார்.

கைம்பெண்ணை அவள் வாழும் வீட்டிலிருந்து யாரும் வெளியேற்றக் கூடாது என்பதுதான் அந்த வரி. சேர்த்துவிட்டோம்.

தம்பி சத்தம் போட்டுப் படிப்பதைப் போனில் பதிவு செய்து அனுப்புங்கள். நான் தங்கியிருக்கும் அறையில் சத்தமே இல்லை. உங்கள் பழைய போர்வையும் வேண்டும்.

அப்பா இல்லையென்று பெரியப்பா மறுபடி வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்தால், எனக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுங்கள். அந்த வரி பழைய சட்டம், இப்போது செல்லாது, தெரியும். ஆனால் எனக்கு இப்போது பேச வருகிறது.

வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்