இரண்டு படங்களுக்கு நடுவே பதினாறு வருடம்

புனே,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கேதகிக்கு உன் ஆயி எழுதுவது. இங்கே நானும் உன் பாபாவும் சுகம், லைடன் குளிரில் நீயும் சுகமாக இருக்க கணபதி துணை. பாபா சர்க்கரை வியாதியை மறந்து ஸ்ரீகண்ட் இனிப்பைத் தேடித் தேடித் தின்கிறார், சொன்னால் கோபம் வருகிறது.

நேற்று நீ ஃபோனில் சொன்னதிலிருந்து எனக்குக் கொதிக்கிறது. உன் பழைய புரொஃபசர் கானேகர் கட்டுரையில் தப்பு இருக்கிறது, மெயில் போட்டுச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாவம் அசிங்கப்படுவார் என்றாயே, யாரடி பாவம்? வெடித்த நட்சத்திரத்தின் மிச்சத்தில் சூடான வாயுவை எக்ஸ் கதிரிலும் தூசியை அகச்சிவப்பிலும் எடுத்துச் சேர்த்துப் பார்க்கலாம் என்ற யோசனை உன்னுடையது. அவரிடம் மாடாக உழைத்தாய், கட்டுரையில் உன் பெயரே இல்லை. நான் கேன்டீனில் கேட்டதற்கு வடாபாவைக் கடித்துக்கொண்டே, சின்னப் பொண்ணு, கணக்குப் போட்டுக் கொடுத்தா, அவ்வளவுதான் வைனி என்றார். அதே கட்டிடத்தில் நானும் ஆராய்ச்சிதான் செய்கிறேன், அவருக்கு நான் இன்னமும் அண்ணியாம்! அன்றைக்குப் பற்றியது அணையவில்லை, அணையவும் வேண்டாம்.

நீ சொன்னதை நானே போட்டுப் பார்த்துவிட்டேன். அவருடைய எக்ஸ் கதிர்ப் படம் பழசு, அகச்சிவப்புப் படம் போன வருடத்தது, நடுவில் பதினாறு வருடம். அந்த மிச்சம் விரிந்துகொண்டே இருக்கிறதே! அப்படியே ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் தூசி வெளியே தள்ளித்தான் தெரியும். அதைப் பார்த்துவிட்டு, தூசி வாயுவை முந்தி ஓடுகிறது என்று பேட்டி கொடுக்கிறார். போன வருடத்து எக்ஸ் கதிர்ப் படத்தை வைத்தேன், கச்சிதமாகப் பொருந்திவிட்டது. நான் சிரித்த சிரிப்பில் பாபா ஓடிவந்து, என்ன ஆச்சு உனக்கு என்றார்.

மெயில் போட்டால் நன்றி என்பார், திருத்துவார், தானே கண்டுபிடித்ததாகச் சொல்வார். மறுபடியும் அதில் உன் பெயர் இருக்காது. ஜனவரி மாநாட்டில் அந்தப் படத்தை மேடையேறிக் காட்டட்டும். அவருக்கு அடுத்த பேச்சைக் கேட்டு வாங்கியிருக்கிறேன், எனக்கில்லை, உனக்கு. டிக்கெட்டும் போட்டாயிற்று. குரலை உயர்த்தாதே, இரண்டு படங்களின் தேதியையும் நிதானமாகப் படி, போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு சைக்கிள் ஓட்டு. நீ நூறு வயது வாழ வேண்டும், நினைத்ததெல்லாம் நடக்க வேண்டும். மறந்தும் மெயில் போட்டுவிடாதே. அவர் எப்போதும் முன்வரிசையில்தான் உட்காருவார். பக்கத்து நாற்காலியில் நான் இருப்பேன், அவர் முகத்தைப் பார்க்க.

உன் ஆயி,
வஸுதா