கன்னத்துச் சிவப்பு

மார்ச் 4

அண்ணா,

பேசாமல் இருந்தது போதும். அம்மா போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நலம் விசாரிக்கும் வரியை நீயே போட்டுக்கொள்.

கண்காட்சியில் உன் ஓவியத்தைப் பார்த்தேன். நம் கூடம். இழுத்துவிட்ட திரை, மேசை விளக்கு, நாற்காலியில் அம்மா, காலடியில் சுருண்ட பூனை. அதன் மீசையைக்கூட மயிர் மயிராக வரைந்திருக்கிறாய். பக்கத்தில் நின்ற ஒருத்தி கணவனிடம், "அந்தம்மா கன்னத்தைப் பாருங்க, வீட்டோட கதகதப்பு அப்படியே தெரியுது" என்றாள். நானும் பார்த்தேன். வெடித்த உதடு. மடித்துப் போர்த்திய போர்வை. அது கதகதப்பு இல்லை, காய்ச்சல்.

நான் வெளியூர் வேலை முடிந்து வந்தபோது கூடமெல்லாம் நீ வண்ணம் கரைக்கும் டர்பெண்டைன் நெடி. அம்மா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். "காய்ச்சல் நேத்துதான்டா, திடீர்னு" என்றாய். எண்ணெய் வண்ணத்தில் ஒரு பூச்சு காயவே நாலைந்து நாளாகும், அது காயாமல் அடுத்தது ஏறாது என்று சொல்லித் தந்தவனே நீதான். அந்தச் சிவப்பை அடுக்கடுக்காக ஏற்றியிருக்கிறாய்.

உனக்குத் தெரியாது என்று ஒரு வரி எழுது. நம்பிவிடுகிறேன். பழையபடி வீட்டுக்கும் வருகிறேன்.

உன் தம்பி


மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது.

தெரியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. பார்ப்பதுதானே என் தொழில்? காய்ச்சல் வந்த முதல் வாரமே தெரிந்தது. டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "போடா, வாழ்நாள்ல இப்பத்தான் ஒருத்தன் என்னைச் சும்மா உட்காரச் சொல்றான்" என்று சிரித்தாள். டாக்டர் வந்தால் படுக்க வைத்துவிடுவார். முகம் மட்டும்தான் பாக்கி இருந்தது. அப்படி ஒரு நிறம் அதற்குமுன் அவள் முகத்தில் வந்ததே இல்லை.

நடந்ததை விடு. ஞாயிற்றுக்கிழமை வா.

என்றும் உன்
அண்ணன்


மார்ச் 15

சிரித்திருப்பாள். உனக்குப் பசிக்கிறது என்றால் சாகும்போதும் எழுந்து அடுப்படிக்குப் போயிருப்பாள். அவளிடமா கேட்பாய்? என்னிடம் கேட்டிருக்கலாம். போன் கூடத்திலேயே இருந்தது. உன் படத்திலும் இருக்கிறது, விளக்குக்குப் பக்கத்தில், பளபளவென்று.

ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன். அண்ணிக்கு என்ன சொல்வதென்று நீயே பார்த்துக்கொள்.

படத்தின் மூலையில், அம்மாவின் காலுக்குக் கீழே, உன் பெயரைப் போட்டிருக்கிறாய். இங்கே 'உன் தம்பி' என்று எழுதப் பேனாவை வைத்தேன். மை ஊறியதுதான் மிச்சம். ஒன்றும் எழுதாமல் இப்படியே தபாலில் போடுகிறேன்.