மாமருதூரின் மாலைப்புகை

தங்கள் முத்திரையைச் சுமந்து தெற்கே பறந்துகொண்டிருந்த குதிரையைத் தும்பைத் துறையில் என் காவலர் மறித்துவிட்டனர். ஓடத்தில் ஒரு காலும் கரையில் ஒரு காலுமாக நின்ற தூதன் விடங்கனை இறக்கி, இடுப்பிலிருந்த ஓலைக்குழலை வாங்கிக்கொண்டு, அவனைச் சுங்கச்சாவடித் தூணோடு கட்டி வைத்திருக்கிறேன். இதை எழுதும்போதும் அவன் என் எதிரில்தான் இருக்கிறான். கையைக் கட்டியவர்கள் வாயைக் கட்டவில்லை. ஆகவே வைதுகொண்டிருக்கிறான்.

முறை பிறழ்ந்துவிட்டது. வாழ்த்து முதலில் வந்திருக்க வேண்டும், இதோ வருகிறது.

குருந்தநாட்டுக்குக் குடையும், தும்பை ஆற்றுக்குக் கரையும், எளியோர்க்கு நிழலுமாய் விளங்கும் கோ எழினிமாறர் திருமுன்னர், அவர் ஆணையால் தென்கரை நாட்டை ஆளும் தமக்கை நன்னங்கை விடுக்கும் ஓலை. தங்கள் கொற்றம் நிலைக்க. ஏரிகள் கடைமடை வரையில் பாய்க. தலைநகர் மாமருதூரின் மனைதோறும் உலை கொதிக்க. இந்த மூன்றாவது வாழ்த்தை நான் வழக்கத்துக்காக எழுதவில்லை.

எழுத்து கோணியிருந்தால் பொறுத்தருள்க. அரச ஆணையை மறித்த செய்தியை எழுத என் எழுத்தர் எவருக்கும் கை வரவில்லை. ஒருவருக்குக் காலையிலிருந்து கண் மங்கிவிட்டது. இன்னொருவருக்கு மாமியார் இறந்துவிட்டாராம். போன அறுவடையின்போதும் அதே மாமியார்தான் இறந்தார். எனவே எழுத்தாணி என் கையிலேயே இருக்கிறது.

ஆணையை வழிமறித்தவர் தலை கழுத்தில் இராது என்பது நம் பாட்டனார் எழுதிய சட்டம். அதில் தமக்கைக்கு விலக்கு எதுவும் இல்லை என்பதை அறிவேன். விடங்கனும் அதைத்தான் நினைவூட்டிக்கொண்டிருக்கிறான். “தலை போகுதுன்னா நாச்சியாருக்கு மன்னிக்க ஒரு தம்பி இருக்காரு. எனக்கு யாரு இருக்கா?” என்று சற்று முன் கேட்டான். கேள்வி நியாயமானது. அவன்மீது குற்றமில்லை என்பதை இவ்வோலையிலேயே பதிந்துவைக்கிறேன்.

இன்னொரு வேண்டுகோள். கடைசி ஏட்டைத் தனியே மடித்து, மஞ்சள் நூல் சுற்றி, அரக்கிட்டிருக்கிறேன். ஓலைநாயகம் அவையில் முத்திரை வரையில் வாசித்து நிறுத்தட்டும். மஞ்சள் நூலைத் தாங்கள் மட்டும் அவிழ்க்க வேண்டும். அவையோர் முகம் சுளிப்பர், சுளிக்கட்டும்.

இனிச் செய்தி.

தங்கள் ஆணையை வாசித்தேன். வரும் முழுநிலா முதல், புகையும் அடுப்பு ஒவ்வொன்றுக்கும் குடிகள் தரும் அடுப்புநெல் இரட்டிப்பாகும் என்கிறது அது. மாமருதூரில் மாலைப்புகை ஆண்டுக்காண்டு அடர்கிறது, குடிகள் நிறையவே உண்கிறார்கள், உண்பதில் ஒரு பங்கைப் பொதுவுக்குத் தருவது அவர்களுக்குப் பாரமாகாது என்று பேரமைச்சர் காரியார் காரணம் கூறியிருக்கிறார். அந்த நெல் எங்கே போகிறது என்பதையும் பார்த்தேன். புதிதாய் ஆறு அன்னசாலைகள், மருத்துவர் இல்லங்கள், ஏரிக்காவலர் படி. தங்களுக்கென்று ஒரு பட்டுநூல்கூட அதில் இல்லை. கொடுங்கோலன் அனுப்பிய ஆணையாக இருந்தால் மறிப்பது எளிது. இரக்கமுள்ளவன் அனுப்பியதை மறிக்கத்தான் எனக்கு இவ்வளவு நேரம் பிடித்தது.

பாட்டனார் காலத்தில் நாடு விளைத்த நெல்லைப் பத்துப் பங்காக்கினால், ஏழு பங்கு வீட்டு அடுப்புகளில் வெந்தது. ஒரு பங்கை அரசு உண்டது. இரண்டு பங்கு விதைக்கோட்டையிலும் சேமக்களஞ்சியத்திலும் உறங்கியது. தந்தையார் காலத்தில் வீடுகளின் பங்கு ஆறானது. அரசின் பங்கு இரண்டரையை எட்டியது. உறங்கிய நெல்லில் கொஞ்சம் விழித்துக்கொண்டது. இப்போது வீடுகள் ஐந்து, அரசு நான்கரை. மீதி அரைப்பங்கில் விதைக்கும் பஞ்சத்துக்கும் வழி தேட வேண்டும்.

அரசு உண்பது வீண் என்று நான் சொல்லவில்லை. ஏரிக்காவலன் உண்ட சோறு மடை உடையாமல் காக்கிறது. மருத்துவ இல்லத்தில் பிழைத்த தாய்மார் என் தென்கரையிலேயே பலர். அன்னசாலையில் கைம்பெண் உண்கிறாள், வழிப்போக்கன் உண்கிறான். நாம் செய்தவை நல்லவை. அதனால்தான் எவரும் எந்தப் புள்ளியிலும் போதும் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு ஆண்டும் ஒரு நல்ல காரியம் கூடியது. ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் வீட்டுப் பானையிலிருந்து ஒரு பிடி குறைந்தது. பானை குறைந்த வீட்டார் அன்னசாலைக்கு வந்தார்கள். வரிசை நீள்கிறதே என்று நாம் மேலும் ஒரு அன்னசாலை திறந்தோம். அதற்கு நெல் வேண்டுமென்று மறுபடியும் அந்தப் பானையிலேயே கை வைத்தோம்.

வீட்டுச் சோற்றுக்கும் நம் சோற்றுக்கும் நெல் ஒன்றுதான், ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. வீட்டில் பொங்கியவள் ஒரு பிடியை எடுத்து, தண்ணீர் ஊற்றி, காலைக்கென்று மூடி வைப்பாள். நாளை என்று ஒன்று உண்டு என நம்புகிறவள் செய்யும் காரியம் அது. நம் சாலையில் சோறு இலையோடு முடிந்துவிடுகிறது. மேலும் நாம் நண்பகலில் மட்டுமே இடுகிறோம். மாலைச் சோறு அவரவர் வீட்டில் வேகும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

அப்படி எண்ணுவதற்கு ஆதாரம் மாலைப்புகை. அந்தப் புகை எப்படி நம் வீட்டு வழக்கமாயிற்று என்பதை அவையிலுள்ள இளையோருக்காகச் சொல்கிறேன். நகரில் எல்லா வீட்டுக் கூரையிலும் புகை எழக் கண்ட பிறகே இரவுணவு கொள்வேன் என்று பாட்டனார் நோன்பு பூண்டார். மாடத்தில் நின்று பார்ப்பார். ஒரு கூரை வெறிச்சோடியிருந்தால் அங்கே நெல்லோடு ஆள் போகும், புகை எழும், பிறகு இலை போடுவார்கள். தந்தையார் காலத்தில் நகரம் பெருத்தது. புகையை எண்ணக் காவலர் நியமிக்கப்பட்டனர். எண்ணியது வீணாவானேன் என்று எவரோ ஒரு புத்திசாலி அதன்மேல் அடுப்புநெல்லை விதித்தார். பாட்டனார் புகையைப் பார்த்து நெல் அனுப்பினார். தந்தையார் புகையைப் பார்த்து நெல் வாங்கினார்.

தாங்கள் இரண்டையும் செய்ய முயன்றீர்கள். இரண்டாண்டுக்கு முன் மழை பொய்த்தபோது நெசவாளர் தெருவில் புகை நின்றது. சேமக்களஞ்சியத்தைத் துடைத்து அனுப்பியும் பாதித் தெருவுக்கே போதியது. தாங்கள் நோன்பை விடவில்லை. மூன்று மாலை உண்ணாமல் நின்று, மாடப்படியில் மயங்கி விழுந்தீர்கள். அந்தச் செய்தி சந்தை முழுவதும் பரவியது. நான்காம் நாள் மாலை, நெசவாளர் தெரு உட்பட எல்லாக் கூரைகளிலும் புகை எழுந்தது. அன்றிலிருந்து ஒரு நாளும் நின்றதில்லை. காரியார் அதை இறையருள் என்றார். அவை கைகூப்பியது. நானும் கூப்பினேன்.

என் கூப்பிய கையைப் பிரித்தவர்கள் குயவர்கள். தென்கரைக் குயவர் சென்ற மாதம் என் வாசலில் வந்து நின்று, தாம் செய்த உலைப்பானைகள் தலைநகரில் விலைபோகாமல் அதே ஓடத்தில் திரும்பி வருவதாகவும், வடகரைக் குயவர் சூழ்ச்சி செய்து சந்தையைப் பிடித்துக்கொண்டதாகவும் முறையிட்டனர். வடகரைக்கு ஆள் அனுப்பினேன். அங்கே குயவர்கள் என் ஆளைச் சூழ்ந்துகொண்டு, தென்கரையார் செய்வினை வைத்துவிட்டதாக அவனிடம் அழுதார்களாம். இரு கரையிலும் பானை மலை. உலைப்பானை அடுப்பில் ஏறினால்தான் உடையும், உடைந்தால்தான் விற்கும். புகை கூடக் கூடப் பானை விற்பனை கூடியிருக்க வேண்டும். அடர்ந்த புகைக்குக் கீழே பானைகள் உடைவதையே மறந்துவிட்டன.

நம் அவையில் எவரும் புகை பொய் சொல்லும் என்று எண்ணவில்லை. அது யாருடைய புகை, எதன் புகை என்று கேட்கவும் இல்லை. கண்ணால் பார்த்ததைக் கணக்கில் எழுதினோம். கணக்கில் எழுதியதன்மேல் இறை விதித்தோம்.

இன்று காலை என் ஐயத்துக்கு விடை கிடைத்தது. குயவரின் பானைகளைப் பார்க்கத் துறைக்கு வந்த இடத்தில், மாமருதூருக்குப் போகவேண்டிய ஓடத்தில் ஒரு பெண் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். அவள் பெயரும் தெருவும் அவைக்கு வேண்டாம். மூட்டைகளில் என்ன என்று விளையாட்டாகக் கேட்டேன். அவள் முகம் போன போக்கைக் கண்டு உடனிருந்தவர்களை அப்பால் போகச் சொன்னேன். அவள் கூறியது மஞ்சள் நூலுக்குள் இருக்கிறது. அவள் பேசி முடித்தபோது எதிர்க்கரையில் குதிரைக் குளம்பொலி கேட்டது. விடங்கன் வந்துகொண்டிருந்தான். ஓடம் இக்கரை தொட்டதும் என்ன ஆணை என்று அவன் பெருமையோடு சொன்னான். மறிக்கச் சொன்னேன்.

ஆகவே தென்கரை நாட்டை ஆளும் உரிமையால் நான் இடும் கட்டளை: இவ்வாண்டு தென்கரையில் அடுப்புநெல் வாங்கப்படாது. என் அரண்மனைப் படியைப் பாதியாக்கி, அந்த நெல்லை விதையாகக் குடிகளுக்கு அளக்க. இதனைத் தென்கரைப் பண்டாரத்தார் தலைமேற்கொண்டு செய்வார்களாக.

தங்கள் திருமுன் வைக்கும் விண்ணப்பம் ஒன்றே. இவ்வோலை கொணரும் என் குதிரை பொழுது சாயுமுன் கோட்டை வாயிலை அடையும். இன்று மாலை மாடம் ஏறாதீர்கள். முடியையும் கவரியையும் விட்டுவிட்டு, புகை எழும் வேளையில் நெசவாளர் தெருவுக்கு நடந்து செல்லுங்கள். எந்த வீடாயினும் சரி, உள்ளே போய் அடுப்பைப் பாருங்கள். உலை கொதித்துக்கொண்டிருந்தால், நான் தும்பைத் துறையில்தான் இருப்பேன். விடங்கனை அவிழ்த்துவிட்டு அதே தூணில் என்னைக் கட்டச் சொல்லி ஆணை அனுப்பலாம். சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். கொதிக்கவில்லையென்றால், இரட்டிப்பு ஆணையை அந்த அடுப்பிலேயே இட்டு எரித்துவிடுங்கள்.

குருந்தநாட்டின் மீன்கொத்தி முத்திரை பதித்தேன். ஓலை நின்றது, ஓலைநாயகமும் நிற்க.

(முத்திரை)

தம்பி,

இந்த ஏட்டில் நாச்சியாரும் இல்லை, கோவும் இல்லை. அவிழ்த்த நூலைக் கீழே போட்டுவிடாதே, காரியாரின் ஆட்கள் பொறுக்குவார்கள்.

மூட்டை ஏற்றிய பெண்ணின் பெயர் செம்பி, நெசவாளர் தெருக்காரி; அவள் மூட்டைகளில் இருந்தது உமி. நம் களங்களில் நெல் குத்தியபின் கொட்டிக் கிடக்குமே, மாடுகூட முகராதே, அதே உமி. அதைக் கைக்காசு கொடுத்து வாங்கி, ஓடக்கூலியும் கொடுத்துத் தலைநகருக்குக் கொண்டுபோகிறாள். அவள் தெருவுக்கு இந்த முறை அவள். அடுத்த தெருவுக்கு வேறொருத்தி நாளை வருவாளாம்.

எதற்கு என்று கேட்டேன். “அடுப்புல போட, தாயி. கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் போட்டா நல்லாப் புகையும்” என்றாள். அடுப்பின் மேலே என்ன வேகும் என்று கேட்டேன். உள்ளதைச் சொன்னாள். நண்பகலில் நம் அன்னசாலையில் உண்பதோடு சரி. மாலையில் அவள் தெருவில் முக்கால்வாசி வீட்டு அடுப்புகளில் பானையே ஏறுவதில்லை. வெறும் அடுப்பு புகைகிறது. புகைந்த அடுப்புக்கு அடுப்புநெல்லும் அளக்கிறார்கள். உண்ணாத சோற்றுக்கு இறை கட்டுகிறார்கள், எழினி. இரட்டிப்பாக்கினால் தறியை விற்று நெல் வாங்கித்தான் அளப்பார்கள். ஆனால் புகையை மட்டும் நிறுத்தமாட்டார்களாம்.

அவையில் ஏன் சொல்லவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். அரசனுக்குப் பொய்க்குறி காட்டினால் தண்டனை என்று பாட்டனாரின் சட்டத்தில் இன்னொரு வரி உண்டு. காரியாருக்கு அந்த வரி மனப்பாடம். ஒரு நகரம் முழுவதையும் தூணில் கட்டவேண்டி வரும்.

நான் முதலில் அச்சத்தினால் என்று நினைத்தேன். பிறகு மானத்தினால் என்று நினைத்தேன். யார் சொல்லி இதைச் செய்கிறீர்கள், காவலர் மிரட்டினார்களா என்று அவளைக் கேட்டேன். அவள் மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“யாரும் மிரட்டல தாயி. புகை இல்லேன்னா ராசா சாப்பிடமாட்டாராமே. மாடப்படியில விழுந்துட்டாருன்னு கேட்ட அன்னிக்கே தெருத்தெருவாப் பேசி வச்சுக்கிட்டோம். பட்டினி எங்களுக்குப் பழகிப்போச்சு. அந்தப் புள்ளைக்குப் பழக்கமில்ல.”