செவலை தின்ற இளஞ்சோளம்

மே 27, 2024
செவலை செத்துவிட்டது. நான் பள்ளிக்கூடம் நின்றதிலிருந்து செவலை, காரி இரண்டு மாடும் என் பொறுப்பு. காலையில் பச்சைச் சோளத்தட்டு போட்டேன். பாதி தின்பதற்குள் மூச்சிரைத்து, நுரை தள்ளி விழுந்தது.

அப்பா நேரே வேலிக்குப் போய்ப் பக்கத்துக் காட்டு மருதாத்தாக்காவைப் பார்த்துக் கத்தினார். "வரப்புச் சண்டைக்கு வாயில்லாச் சீவனுக்கு வெசம் வெப்பியா?"

"நான் வெச்சிருந்தா எங்கையி அழுகிப் போகட்டுமுங்க."

அக்கா எங்கள் மாட்டுக் கட்டுத்தறிப் பக்கம் வரவேயில்லை. எனக்குத் தெரியும். சொன்னேனா? ஊமை மாதிரி நின்றேன்.

மே 28
மிருகாசுபத்திரி மலையாளத்து டாக்டர் ரிஞ்சு வந்தார். மிச்சத் தட்டை நசுக்கிப் புட்டியில் போட்டு, மஞ்சள் காகிதம் ஒன்றை உள்ளே தொங்கவிட்டு மூடினார். காகிதம் மெல்லச் செங்கல் நிறமானது.

"யாரும் வைக்கலை. சோளத்திலேயே வெஷம். காஞ்ச கட்டையில மழைக்குத் துளுத்தது அல்லே? பூ வர்ற வரைக்கும் கொடுக்காதீங்க."

அவர் வண்டி திரும்பியதும் அப்பா சொன்னார்: "காயிதம் செவந்தா வெசமா? எங்கப்பன் காலத்துலருந்து சோளந்தான் போடறோம்."

அந்தத் துளிரை அறுத்துவரச் சொன்னதே அவர்தான்!

மே 29
அப்பா முகத்தைப் பார்த்தாலே எரிகிறது.

மே 30
நான் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து அதே தட்டை அறுத்துக் காரிக்குப் போட்டிருக்கிறார். சினை மாட்டுக்கு! வந்து பார்த்தால் காலை உதறிக்கொண்டு கிடக்கிறது. போனில் பேசவே கூசுகிற நான் டாக்டரைக் கூப்பிட்டேன். நல்லவேளை, அடுத்த தெருவில் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார். ஓடிவந்து கழுத்து நரம்பில் முறிவு மருந்தை ஏற்றினார். காரி தள்ளாடி எழுந்தது.

"காத்து பட்டிருச்சு போல" என்றார் அப்பா.

காத்தா? காத்தா!

"நீங்கதானுங்கப்பா செவலையக் கொன்னீங்க. அக்கா இல்லீங்க, நீங்க!"

அந்தக் கோபத்திலும் 'ங்க' போகவில்லை, பாழாய்ப்போன வாய். அப்பா கையை ஓங்கினார். அப்புறம் இறக்கிக்கொண்டார்.

ஜூன் 3
எங்களுக்குள் பேச்சில்லை. இருக்கட்டும். சோளத்தை யாரும் தொடவில்லை.

ஜூன் 8
மருதாத்தாக்கா அரிவாளோடு தன் சோளத்தில் இறங்கினார். அவர் காட்டிலும் அதே மழைக்குத் துளிர்த்ததுதான். நான் ஓடுவதற்குள் அப்பா வேலிக்குப் போய்விட்டார்.

"ஏனுங்க மருதாத்தா, அறுக்காதீங்க! பூ வரட்டும். எளஞ்சோளத்துல வெசமிருக்குதுங்க."

என்னமோ தானே கண்டுபிடித்த மாதிரி.

அக்கா அரிவாளைத் தாழ்த்தினார். "அப்ப உங்க செவலைக்கு வெசம் வெச்சது ஆருங்க?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பதில் எனக்குத் தெரியும். எடுத்துக் கொடுக்கவில்லை. அவரே சொல்லட்டும் என்று நின்றேன்.