நான்கு இடம், ஐந்து பேர்

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? நம் ஊர் கட்பலோகனில் மழை விட்டதா? டிவியில் எங்கள் கசினோவைக் காட்டியிருப்பார்கள். பயப்படாதீர்கள், நான் நன்றாக இருக்கிறேன்.

பெரிய போக்கர் சீட்டுப் போட்டிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டம் அது. மேசையில் சீட்டுப் போடும் வேலை எனக்கு. மீதியிருந்த ஐந்து பேரில் நான்கு பேருக்குத்தான் போட்டியில் இடம். கடைசிச் சீட்டை நான் திருப்பியதும் டெல்ஃபின் என்பவன் தோற்றான். இடம் கிடைத்த மற்ற நால்வரும் துள்ளிக் குதித்தார்கள்.

"வேணும்னே அந்தச் சீட்டைப் போட்டியாடி?" என்று கத்தியவன், பீர் பாட்டிலை உடைத்து, தன்னை ஜெயித்த பெரியவர் பெலிசியானோவின் கழுத்தில் குத்தினான். அடுத்த குத்துக்கு என் இடதுகையைக் குறுக்கே கொடுத்தேன். கசினோ காவலாளிகள் அவனைத் தரையில் அமுக்கினார்கள். நான் பெரியவரின் கழுத்தைப் பொத்தினேன். விரலிடுக்கில் ரத்தம் சூடாகப் பொங்கியது.

"எனக்கு இடம் கெடச்சிருச்சில்ல பொண்ணே?"

"கெடச்சிருச்சு. பேசாதீங்க ஐயா."

சிரித்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார்.

பெரிய போட்டியில் அவர் ஜெயித்த நாற்காலியை வேறு யாருக்கும் தரக்கூடாது என்று மேலாளரிடம் சண்டை போட்டேன். காலியாகவே விடுவதாகச் சொன்னார்.

கருவாடு அனுப்புங்கள். தையல் போட்ட கையால் தலை பின்ன வரவில்லை. முடிந்தால் நீங்களே கப்பலேறி வந்துவிடுங்கள். சாட்சி சொல்லப் போலீஸார் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உங்கள் ரோவேனா