அம்மாவின் கணுக்காலில் எனக்குக் கேட்காதது

கருமத்தம்பட்டி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் பிரத்யுஷாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயந்துகொண்டு படிக்காதே. பயப்படுகிற வேலையை இங்கே நான் ஒருத்தனே பார்த்துக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு இடது கை டயாலிசிஸ் ஊசிக்கு, வலது கை மார்பு ஆபரேஷனுக்குப் பிறகு வீங்கியே கிடக்கிறது, அதனால் பிரஷரைக் காலில்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டன் மிஷின் காலில் சரியாகக் காட்டாததால் கையால் காற்றடிக்கிற மிஷினும் ஸ்டெதஸ்கோப்பும் வாங்கினேன். அவளை நேராகப் படுக்க வைத்து, கணுக்காலுக்கு மேலே பட்டையைச் சுற்றி, உள்பக்க எலும்புக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் காற்றை மெல்ல இறக்க வேண்டும், முதல் சத்தம் கேட்கிற நம்பர்தான் பிரஷர். எட்டாவதோடு நின்றவன் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டியதும் உங்கம்மா, "ஏனுங்க டாக்டரு, பீஸு எவ்வளவுங்க?" என்றாள்.

செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்து படுத்தவளுக்கு வேர்த்துக் கொட்டியது, கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. காற்றடித்து இறக்கினேன், ஒன்றும் கேட்கவில்லை. தறிச் சத்தம்தான் என்று ஓடிப்போய் நம் தறிகளை நிறுத்தினேன், பக்கத்துத் தறி ஷெட்டில் உமர் பாரூக்கிடம் கத்தினேன், அவரும் நிறுத்திவிட்டார். மறுபடியும் வைத்தேன். அப்போதும் ஒன்றுமில்லை கண்ணு. போய்விட்டாள் என்றே நினைத்து அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் மருமகள் ஷைமா, நர்ஸ் வேலைக்குப் போகிறவள், ஓடிவந்து என் காதில் இருந்ததைக் கழற்றித் தன் காதில் மாட்டி, மறுபடியும் காற்றடித்து இறக்கி, "கேக்குதுங்க மாமா, எம்பதுதானுங்க இருக்குது, காரை எடுங்க" என்றாள். ஆஸ்பத்திரியில் பாட்டில் ஏற்றி மறுநாள் அனுப்பினார்கள்.

சத்தம் அங்கேயேதான் இருந்திருக்கிறது, தறி தின்ற என் காதுதான் இல்லை. இப்போது காற்றை இறக்கும்போது பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி திரும்பி வருகிற நம்பரைப் பார்க்க ஷைமா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஆனால் அவள் டூட்டியில் இருக்கும்போது விரலும் ஏமாற்றினால்? இந்தப் பயத்தோடுதான் எழுதுகிறேன், கோழிக் கிறுக்கலுக்கு அதுதான் காரணம் என்று வைத்துக்கொள். காது டாக்டரிடம் திங்கட்கிழமை போகிறேன். நீ ஒரு மாதம் வந்து இரு கண்ணு.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசி என்றும் உண்டு. வருகிற தேதியைப் போனில் சொல்லாதே, எழுதிப் போடு. போனில் நீ எதைச் சொன்னாலும் நான் "சரி கண்ணு" என்பது, பாதி நாள் கேட்காமல்தான்.

உன் அப்பா,
அரங்கசாமி