மானும் முப்பத்தெட்டு வரிகளும்

ஹுய்சோ,
இரண்டாம் மாதம், ஒன்பதாம் நாள்.

சூசோவில் தங்கியிருக்கும் என் கணவர் சியாங் அவர்களுக்கு, லிங் வணங்கி எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். மகள் ஆ-ஷுவுக்குக் காய்ச்சல் விட்டது. கஞ்சிக்கு முள்ளங்கி ஊறுகாய் கேட்டு அடம் பிடிக்கிறாள். உங்கள் கடிதத்தில் அவள் காய்ச்சலுக்கு அரை வரி, அங்கே உங்களோடு படம் வரையும் பெய் யூன் அம்மையாரின் பனிமூட்டத்துக்கு ஆறு வரி. எண்ணித்தான் பார்த்தேன்.

நீங்கள் இருவரும் சேர்ந்து வரைந்த படம் வந்து சேர்ந்தது. மான் உங்களுடையது, காதோர மையை ஈரமாகவே பரவ விட்டிருப்பதைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். பனி அவளுடையது. பனி என்றால் என்ன, மை படாத வெறும் தாள்தானே. கீழே நாலு பைன் மரங்களை மங்கலாகத் தொட்டுவிட்டு, மீதியைச் சும்மா விட்டிருக்கிறாள். ஒன்றும் வரையாததற்கா இவ்வளவு புகழ்? எட்டு மாதமாக இந்த வீட்டிலும் ஓர் இடம் காலியாகத்தான் கிடக்கிறது. அதை யாரும் மெச்சக் காணோம்.

உப்பு வணிகரின் தாயாருக்கு எழுபதாம் பிறந்தநாள் பரிசு, வழக்கம்போல் படத்தின் மேலே நாலு வரி வாழ்த்து எழுதிவிடு என்றீர்கள். எழுதினேன். முப்பத்தெட்டு வரி. அந்தத் தாயாரின் ஆயுளை, உங்கள் தூரிகையை, பெய் யூனின் கைத்திறனைக்கூடப் புகழ்ந்தேன். கடைசி வரி மானின் மூக்கில் போய் இடித்தது.

படத்துக்குப் பின்தாள் ஒட்ட வந்த காவ் படத்தை விரித்துப் பார்த்தார். “எழுத்து முத்து முத்தாத்தான் இருக்கு தாயி. ஆனா மான் மூச்சு விட எடமில்லியே” என்றார். ஒட்டாமலே வைத்துவிட்டுப் போனார். அவர் போனபின் அழுதேன்.

அந்த வாழ்த்தில் யாரும் குற்றம் காண முடியாது. ஆனாலும் வேண்டுமென்றே செய்ததுதான். வயிற்றெரிச்சல். அவள் விட்ட இடத்தில் விரற்கடைகூட மிஞ்சக் கூடாது என்று நினைத்தேன். உங்கள் மானையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேன். திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டுங்கள்.

பிறந்தநாள் நாலாம் மாதம்தான். உடனே படகேறினால் இங்கேயே புதிதாக வரைந்துவிடலாம். ஆற்றுக்காற்று ஆகாது, மார்பை மூடிக்கொண்டு வாருங்கள். வழியெல்லாம் தெய்வம் துணையிருக்கட்டும். மை நான் அரைத்துத் தருகிறேன். நீங்கள் மானை மட்டும் வரையுங்கள்.

பனியை நான் விட்டுவைக்கிறேன். ஓர் எழுத்துக்கூட எழுதமாட்டேன்.

இப்படிக்கு,
லிங்